பாதியில் நிற்கும் குவில்ட்டையும் பின்னலையும் முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கித் தைக்கும் போர்வை) தைக்கிறவர்கள் அலமாரியைத் திறந்தாலும் சரி, கம்பளி பின்னுகிறவர்கள் பையைத் திறந்தாலும் சரி, முடிக்காத வேலை ஒன்றாவது உள்ளே இருக்கும். மேல்துணி முழுக்கத் தைத்தாகிவிட்டது, பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைக்கவில்லை. ஸ்வெட்டரின் முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் ஆகிவிட்டது, இன்னொரு கை பாக்கி. இந்த இடத்தில் வந்து நிற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குவது எப்படி என்பது இதில் கிடையாது, அதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஏன் எப்போதும் கடைசிக் கட்டத்திலேயே நின்றுபோகிறது? சோம்பல்தானா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வேலையைச் செய்வதும் அதை முடிப்பதும் வேறு வேறு கைவேலைகள். சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்து மேல்துணி தைப்பதற்கு ஒரு மேசை போதும், அரைமணி நேரம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடலாம். அதையே மூன்று அடுக்காக விரிக்க வேண்டும் என்றால் பெரிய இடம் வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், பாதியில் எழுந்து போக முடியாது. பின்னலும் அப்படித்தான். பேசிக்கொண்டே, எதையாவது பார்த்துக்கொண்டே பின்னலாம், ஆனால் பின்னிய பாகங்களை இணைத்துத் தைக்க நல்ல வெளிச்சமும் கவனமும் வேண்டும்.

இன்னொன்று, பழக்கம். ஒரு குவில்ட்டில் நூற்றுக்கணக்கான நேர்த்தையல்கள் போடுகிறோம், ஆனால் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பார்டர் திரும்பும் மூலைகள் நாலே நாலு. ஒரு ஸ்வெட்டரில் ஆயிரக்கணக்கான கண்ணிகள், கையை உடம்போடு சேர்த்துத் தைப்பது இரண்டு முறை. கைக்குப் பழகாத வேலையை மனசு தள்ளிப்போடத்தான் செய்யும். அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: முடிக்கும் வேலையை மிச்சம் மீதியாக நினைக்காமல், தனி வேலையாகவே கணக்கில் வையுங்கள், அதற்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குஷன் உறை அளவுக்குச் சின்னதாக எடுத்து, விரிப்பதிலிருந்து பார்டர் வரை முழுசாகச் செய்து பாருங்கள். நாலு மூலை அதிலும் இருக்கிறது.

நிறைய வேலைகள் பாதியில் கிடக்கின்றன. எதை முதலில் எடுப்பது?

ரொம்பப் பழையதை எடுக்காதீர்கள். முடிவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒருநாள் வெளியே எடுத்துப் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத்தைக் குத்தி, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை மட்டும் எழுதுங்கள். "முடிக்க வேண்டும்" என்று எழுதினால் பயன் இல்லை. "அடித்துணி வாங்க வேண்டும்", "இடது தோளைத் தைக்க வேண்டும்", "நாலு நுனி மறைக்க வேண்டும்" என்று எழுத வேண்டும். எழுதும்போதே சிலது ஒரு மாலையில் முடிகிற வேலை என்று தெரிந்துவிடும், அதிலிருந்து தொடங்குங்கள். யாராவது அணியப்போகிற உடுப்பு என்றால், குறிப்பாகக் குழந்தைக்கு என்றால், அளவை முதலில் பாருங்கள். நாம் நிறுத்தி வைத்தாலும் குழந்தை வளராமல் இருப்பதில்லை.

பிடிக்காமல் போன வேலையையும் முடித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர்களுக்கு இனி தேவையில்லை என்றால், அதை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். குவில்ட்டின் மேல்துணியைப் பெரிய போர்வையாக்காமல் குஷன் உறையாகவோ பையாகவோ வெட்டித் தைக்கலாம், தொட்டில் அளவுக்குக் குறைத்தும் முடிக்கலாம். வெட்டினால் தையல் அறுபடுமே என்று பயந்தால், வெட்டிய விளிம்புக்குப் பக்கத்திலேயே, கால் அங்குலத்துக்குள், சுற்றி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள்.

பின்னலைப் பிரித்தால் நூல் திரும்பக் கிடைக்கும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அப்படியே பின்னினால் கண்ணிகள் சீராக வராது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் எடுத்துத் தொங்கவிட்டுக் காயவையுங்கள், சுருள் போய்விடும். மொஹேர் மாதிரி முடி நீண்ட நூல் மட்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், பிரிப்பது கஷ்டம். அதில் பொறுமையாக, ஒவ்வொரு வரிசையாகத்தான் போக வேண்டும்.

பின்னலை ரொம்ப நாள் ஊசியிலேயே விட்டுவைக்கலாமா?

கூடாது என்றில்லை, ஆனால் ஊசி நின்ற வரிசையில் ஒரு கோடு விழுந்துவிடும், ஊசியும் முடங்கிக் கிடக்கும். கண்ணிகளை வேறு நிற வழவழப்பான நூலில் கோத்து மாற்றிவிட்டு, ஊசியின் அளவையும், எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதிச் சேர்த்து வையுங்கள்.

எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. மறுபடி எப்படித் தொடங்குவது?

பின்னலே சொல்லும். முன்பக்கத்தில் தெரிகிற ஒவ்வொரு "வி" வடிவமும் ஒரு கண்ணி. கடைசியாகக் கண்ணி கூட்டிய அல்லது குறைத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு வந்து எழுதி வைத்திருக்கும் முறையோடு ஒப்பிடுங்கள். அதில் சந்தேகம் தீரவில்லை என்றால், நன்றாகத் தெரிகிற ஒரு வரிசையில் மெல்லிய நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவிட்டு, அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம். கோத்த நூலைத் தாண்டி எதுவும் அவிழாது. லேஸ் பின்னுகிறவர்கள் முன்னெச்சரிக்கையாகவே சில வரிசைகளுக்கு ஒருமுறை இப்படிக் கோத்துக்கொண்டே போவார்கள்.

வரிசையைக் கண்டுபிடித்ததும் உடனே பின்ன உட்கார்ந்துவிடாதீர்கள். இடைவெளி விட்டால் கையின் இறுக்கம் மாறியிருக்கும். முன்பு 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்திருந்தால், 220 கண்ணிகள் சரியாக 100 சென்டிமீட்டர். இப்போது கை கொஞ்சம் தளர்ந்து 20 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். உடுப்பில் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது அடுத்த அளவு ஆளுக்குப் போய்விடும் அளவு. கொஞ்சம் பின்னிப் பார்த்து அளந்து, தேவையானால் ஊசியை ஓர் அளவு மாற்றிக்கொள்ளுங்கள்.

நூல் தீர்ந்துவிடும் போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஊகிப்பதை நிறுத்திவிட்டு எடை போடுங்கள். கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். மீதி நூலை எடை போட்டு, நாலு வரிசை பின்னி, மறுபடி எடை போட்டால் ஒரு வரிசைக்கு எவ்வளவு போகிறது என்பது கையில் வந்துவிடும். கண்ணிகளை அடைக்கிற கடைசி வரிசைக்கு, பின்னலின் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமாவது வேண்டும், நான் நாலு மடங்கு வைத்துக்கொள்வேன்.

போதாது என்று தெரிந்தால், அதே நூலை வாங்கும்போது சாய எண்ணைப் பாருங்கள். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் வேறு தொகுதியில் சாயம் போட்டது கொஞ்சம் மாறித்தான் இருக்கும், கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல இருப்பது உடுப்பில் பட்டை போட்டாற்போலத் தெரியும். அதே எண் கிடைக்காவிட்டால் பழைய நூல் இரண்டு வரிசை, புதிய நூல் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிக் கலந்துவிடுங்கள். நூலே கிடைக்காவிட்டால் கழுத்து, கைமுனை, கீழ்விளிம்பு மூன்றையும் வேறொரு நிறத்தில் பின்னலாம். ஒரே இடத்தில் மட்டும் நிறம் மாறினால்தான் நூல் பற்றாக்குறை என்று காட்டிக்கொடுக்கும், மூன்றிலும் மாறினால் வேண்டுமென்றே செய்த வடிவமைப்பாகத் தெரியும்.

ஒரு சாக்ஸ் முடிந்தது, இரண்டாவது நகரவே மாட்டேன் என்கிறது.

அடுத்த முறை இரண்டையும் ஒரே நீள வட்ட ஊசியில் சேர்த்துப் பின்னுங்கள், இரண்டு உருண்டையிலிருந்து. ஸ்வெட்டர் கைகளுக்கும் அதேதான். மெதுவாகப் போவது போலத் தோன்றும், ஆனால் முடியும்போது இரண்டும் முடிந்திருக்கும், அளவும் ஒன்றாக இருக்கும். இப்போது நிற்கிற ஒற்றைச் சாக்ஸுக்கு, முதல் சாக்ஸின் குதிகாலுக்கு முன்னால் எத்தனை வரிசை, பாதத்தில் எத்தனை வரிசை என்று எண்ணி எழுதிக்கொண்டு, இன்றைக்கே இரண்டாவதின் முதல் வரிசையையாவது ஊசியில் ஏற்றிவிடுங்கள்.

நூல் நுனிகளை மறைக்கும்போது அவிழ்ந்து வெளியே வருகிறது. முடிச்சுப் போட்டுவிடலாமா?

முடிச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஒருநாள் முன்பக்கம் துருத்திக்கொண்டு வரும், இல்லை அவிழும். வெட்டும்போதே நுனியை 15 சென்டிமீட்டர் விட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. மழுங்கிய முனை ஊசியில் கோத்து, பின்பக்கத்தில் கண்ணி போகிற பாதையிலேயே ஏறி இறங்கி 5 சென்டிமீட்டர் ஓட்டிவிட்டு, திசையைத் திருப்பிக் கொஞ்ச தூரம் திரும்பி வாருங்கள். திசை மாற்றுவதுதான் பிடிமானம். கம்பளி சொரசொரப்பாக இருப்பதால் தானே பிடித்துக்கொள்ளும். பருத்தியும் பட்டும் வழுக்கும், அவற்றில் நுனியின் இழைகளைப் பிரித்து இரண்டாக்கி, இரண்டையும் வேறு வேறு திசையில் ஓட்டுங்கள்.

நுனியை ஓட்டியதும் ஒட்ட நறுக்காதீர்கள். துவைத்து, விரித்துக் காயவைத்த பிறகு நறுக்குங்கள். ஈரத்தில் பின்னல் அகலும்போது நுனியும் கொஞ்சம் உள்ளே இழுபடும், முன்பே ஒட்ட வெட்டியிருந்தால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒரு யோசனை: ஒவ்வொரு நாளும் பின்ன உட்காரும்போது முந்தைய நாளின் நுனிகளை ஓட்டிவிட்டுத் தொடங்கினால் கடைசியில் முப்பது நுனி காத்திருக்காது.

பிளாக்கிங், அதாவது பின்னியதை நனைத்து அளவுக்கு விரித்துக் குத்திக் காயவைப்பது, அவசியமா? அப்படியே அணியக்கூடாதா?

அணியலாம். ஆனால் கம்பளியில் இதைத் தவிர்த்தால், இத்தனை நாள் பின்னியதன் பலனில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். ஊசியிலிருந்து எடுத்ததும் கண்ணிகள் மேடு பள்ளமாக, விளிம்பு நெளிந்து இருக்கும். தண்ணீரில் ஊறியதும் இழைகள் தளர்ந்து, கண்ணிகள் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து உட்காரும். லேஸ் சால்வையில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும். கசங்கிய துணி போலக் கிடந்தது, இழுத்துக் குத்தி வைத்ததும் ஓட்டைகள் திறந்து, இலையும் கொடியும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

செய்முறை இப்படி. வெதுவெதுப்பான தண்ணீரில் கம்பளிக்கான திரவ சோப்பு சில துளிகள் விட்டு, பின்னலை அமுக்கி மூழ்கவைத்து 20 முதல் 30 நிமிடம் சும்மா விடுங்கள். கசக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, திடீரென்று சூடான தண்ணீரோ குளிர்ந்த தண்ணீரோ ஊற்றக்கூடாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு துணி இறுகிச் சுருங்கிவிடும், அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. எடுக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் கனத்தில் நீண்டுவிடும். பெரிய துண்டில் விரித்து, பாயாகச் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதியுங்கள். துண்டு தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு ஃபோம் பாயில் பரப்பி, டேப் வைத்து மார்பகலம், நீளம் அளந்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி, முழுக்கக் காயும்வரை விடுங்கள். முக்கால் பங்கு காய்ந்ததும் எடுத்தால் மறுபடி சுருங்கும்.

மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி ஈரத்தில் எக்கச்சக்கமாக நீளும். பயப்படாமல் அளவுக்குத் தள்ளிச் சேர்த்து வையுங்கள். அதனால்தான் அளவு பார்க்கப் பின்னும் சாம்பிள் துண்டையும் துவைத்துக் காயவைத்து அளக்கச் சொல்கிறோம்.

அக்ரிலிக் நூலுக்கும் இதே முறையா?

இல்லை. அக்ரிலிக் ஒரு வகை பிளாஸ்டிக், தண்ணீருக்குப் பெரிதாக அசைந்து கொடுக்காது, சூட்டுக்குத்தான் மாறும். ஸ்டீம் அயர்னைத் துணியில் படாமல் 2 அங்குலம் மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். சூடு அதிகமானால் துணி தொங்கலாக, பளபளப்பாக ஆகிவிடும், பிறகு எந்த வழியிலும் திரும்பாது. சாம்பிள் துண்டில் முதலில் பார்த்துவிட்டு உடுப்பில் கை வையுங்கள்.

ஸ்வெட்டர் பாகங்களைத் தைத்தால் தையல் கன்னாபின்னாவென்று தெரிகிறது.

முன்பக்கத்தைப் பார்த்தபடி தையுங்கள், பின்பக்கம் திருப்பி வைத்து மேலோட்டமாகச் சுற்றித் தைப்பதால்தான் அப்படி ஆகிறது. இரண்டு பாகத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக, நேர்ப்பக்கம் மேலே இருக்க வையுங்கள். விளிம்பிலிருக்கும் முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவில் லேசாக இழுத்தால் ஏணிப்படி போலக் குறுக்குக் கம்பிகள் தெரியும். வலது பாகத்தில் ஒரு கம்பியின் கீழ் ஊசியை விட்டு எடுத்து, இடது பாகத்தில் அதே உயரத்திலிருக்கும் கம்பியின் கீழ் விட்டு எடுத்து, இப்படி மாறி மாறி மேலே போங்கள். முதலில் தளர்வாக விட்டு, ஐந்தாறு படி ஆனதும் நூலை மெதுவாக இழுத்தால் இரண்டு விளிம்பும் உள்ளே மடங்கி, தையலே மறைந்துபோகும். மேட்ரஸ் தையல் என்பது இதுதான். இதைக் கற்றுக்கொண்டால் ஸ்வெட்டர் முடிப்பதில் இருக்கிற பயத்தில் பாதி போய்விடும்.

தைப்பதற்கு முன் பாகங்களைப் பிளாக் செய்துவிடுங்கள், சுருண்ட விளிம்பைத் தைப்பதைவிடத் தட்டையான விளிம்பைத் தைப்பது எவ்வளவோ எளிது. தைக்க வேண்டிய ஒழுங்கு: தோள், பிறகு கையின் மேல்பாகம், கடைசியாகப் பக்கவாட்டையும் கையின் அடியையும் ஒரே ஓட்டமாக.

முடித்த மஃப்ளர் ஓரம் சுருண்டுகொண்டே இருக்கிறது. நேராக்க முடியுமா?

முன்பக்கம் முழுக்க நிட், பின்பக்கம் முழுக்க பர்ல் என்று பின்னும் ஸ்டாக்கினெட்டின் இயல்பே சுருள்வதுதான். பிளாக் செய்தால் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், அப்புறம் திரும்பச் சுருளும். ஓரத்திலிருந்து கண்ணி எடுத்து நாலைந்து வரிசை கார்ட்டர் பின்னலோ (எல்லா வரிசையும் நிட்) ரிப்போ (நிட்டும் பர்லும் மாறி மாறி) சேர்த்தால் கனம் பிடித்து அடங்கும். குரோஷே தெரிந்தால் அதில் சுற்றி ஒரு பார்டர் போடலாம்.

இனி குவில்ட். மூன்று அடுக்கையும் விரிக்க வீட்டில் இடமே இல்லை, எப்படி?

தரைதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மேசையில் பகுதி பகுதியாகச் செய்யலாம். முழங்காலுக்கும் நல்லது. அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 3, 4 அங்குலம் அதிகமாக இருக்க வேண்டும். 60 க்கு 72 அங்குலக் குவில்ட்டுக்கு 68 க்கு 80 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. மூன்றின் நடுப்புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடித்துணியை நல்லபக்கம் கீழே இருக்கும்படி மேசையில் போட்டு, ஓரங்களைப் பெரிய கிளிப்புகளால் மேசையோடு பிடித்துவிடுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்துப் பிடிக்கக்கூடாது. இழுத்து வைத்தால் கிளிப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கி மேல்துணியில் மடிப்பு விழும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி, நடுப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. கையால் நடுவிலிருந்து வெளியே தடவித் தடவி, வளைந்த ஊக்குகளால் குத்திக்கொண்டே வாருங்கள். மூடிய கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும், ஏறக்குறைய 4 அங்குலத்துக்கு ஒன்று. மேசை அளவு முடிந்ததும் நகர்த்தி அடுத்த பகுதி.

ஒட்டும் ஸ்ப்ரேயும் இருக்கிறது, வேகமாக முடியும். ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

சாதாரண தையல் மெஷினில் பெரிய குவில்ட்டைத் தைக்க முடியுமா?

முடியும். சிக்கல் மெஷினின் அளவில் இருப்பதைவிடத் துணியின் கனத்தில்தான் அதிகம். குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் அந்தக் கனம் ஊசியை இழுக்கும், தையல் ஒன்று நீளமாக ஒன்று குட்டையாக விழும், சமயத்தில் ஊசியே உடையும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் மேசையோ, அயர்ன் செய்யும் பலகையோ, நாற்காலியோ போட்டுத் துணி முழுக்கத் தாங்கி நிற்கும்படி செய்யுங்கள். தைக்கிற இடத்தில், இரண்டு கைக்கு நடுவிலிருக்கும் அந்த ஒரு சாண் துணி தளர்வாக இருந்தால் போதும்.

நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபுட் (மேலிருந்தும் துணியை நகர்த்தும் மெஷின் பாதம்) போடுங்கள், மேல்துணியும் அடித்துணியும் சேர்ந்தே நகரும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். 90/14 அளவில் புது ஊசி. முதல் கோடு நடுவில், அங்கிருந்து வெளிப்பக்கம். வளைவு வளைவாகத் தைக்க வேண்டும் என்றால் அடியில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு ஃப்ரீ மோஷன் ஃபுட்டில் தைக்க வேண்டும். அதற்கு முன் அதே துணி, அதே பஞ்சில் ஒரு துண்டு செய்து பழகுங்கள். நேர்கோட்டில் முடித்த குவில்ட் எந்த விதத்திலும் குறைந்ததில்லை, என் கண்ணுக்கு அதுதான் அழகு.

எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும்?

பஞ்சு விரிப்பின் உறையில் எழுதியிருக்கும், அதை எறிந்துவிடாதீர்கள். சிலதுக்கு 3, 4 அங்குலத்துக்குள் தையல் வேண்டும், சிலது 8 அங்குலம், 10 அங்குலம் வரை தாங்கும். அந்த அளவைத் தாண்டினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு உள்ளே கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். தைக்கவே மனசில்லை என்றால் கட்டிவிடலாம்: தடித்த பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் குத்தி எடுத்து, 4 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கமான இரட்டை முடிச்சு. பழைய முறைதான், உறுதியானதுதான், ஒரு வார இறுதியில் முடிகிற வேலை.

குவில்டிங்கை, அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதை, வெளியே கொடுத்துச் செய்தால் என் வேலை என்று சொல்லலாமா?

தாராளமாக. குவில்ட்டின் வரலாற்றில் இந்தக் கட்டத்தைப் பலர் சேர்ந்து செய்த வழக்கமும் உண்டு. அமெரிக்கக் கிராமங்களில் ஒரு பெண் மேல்துணியைத் தனியாகத் தைத்து வைப்பாள், சட்டத்தில் கட்டித் தைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வந்து உட்காருவார்கள். இன்று லாங்-ஆர்ம் மெஷின் (பெரிய குவில்ட்டைச் சட்டத்தில் மாட்டித் தைக்கும் மெஷின்) வைத்திருப்பவரிடம் கொடுப்பதும் அது மாதிரிதான். கொடுப்பதற்கு முன் மேல்துணியை அயர்ன் செய்து, தொங்கும் நூல்களை நறுக்கி, அடித்துணி எவ்வளவு அதிகம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுப் பார்டருக்கு எவ்வளவு துணி வேண்டும்? கிராஸாக (இழைக்குச் சரிவாக) வெட்ட வேண்டுமா?

விளிம்பு நேராக இருந்தால் கிராஸ் தேவையில்லை, வளைவான விளிம்புக்கு மட்டும்தான் அது. கணக்கு எளிது. 60 க்கு 72 அங்குலக் குவில்ட்டின் சுற்றளவு 264 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 276. துணியின் அகலம் 42 அங்குலம் என்றால் 7 பட்டிகள் 294 அங்குலம். சரிவாக இணைக்கும் 6 இடத்திலும் 2.5 அங்குலம் வீதம் 15 போனால் 279 மிஞ்சும், போதும். பட்டியின் அகலம் 2.5 அங்குலம், ஆக ஏழு பட்டிக்கு 17.5 அங்குலத் துணி. அரை கஜம் என்பது 18 அங்குலம், வெட்டு கோணினால் கையைக் கடிக்கும், கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

மூலை சரியாக மடங்கவே மாட்டேன் என்கிறது.

நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்த பட்டியைக் குவில்ட்டின் முன்பக்கம் வைத்து, வெட்டு விளிம்புகள் ஒன்றாக இருக்க, கால் அங்குலத்தில் தைத்து வருகிறீர்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். இந்தக் கால் அங்குலம்தான் எல்லாம், ஒரு குண்டூசியைக் குத்தி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நூலை வெட்டி, துணியை வெளியே எடுத்துத் திருப்புங்கள். பட்டியை மேல்நோக்கி, குவில்ட்டை விட்டு விலகும் திசையில் மடித்தால் 45 பாகையில் ஒரு சரிவு மடிப்பு விழும். அதை விரலால் பிடித்துக்கொண்டே பட்டியை நேராகக் கீழே மடியுங்கள். இந்த இரண்டாவது மடிப்பின் விளிம்பு குவில்ட்டின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்து, விளிம்பிலிருந்தே, அடுத்த பக்கத்தைத் தைக்கத் தொடங்குங்கள். பட்டியைப் பின்பக்கம் புரட்டியதும் மூலை தானாகவே உறை போல மடங்கிக்கொள்ளும். மூலை மொட்டையாக வந்தால் பெரும்பாலும் நிறுத்திய இடம்தான் தவறு.

பட்டியின் இரு முனை சேரும் இடத்தில், தொடக்கத்திலும் முடிவிலும் 10 அங்குலம் தைக்காமல் விட்டிருந்தால், ஒன்றன்மேல் ஒன்று பட்டியின் அகலமான 2.5 அங்குலம் ஏறும்படி வெட்டி, குறுக்காக வைத்துச் சரிவாகத் தையுங்கள். தைத்ததும், மிஞ்சிய மூலைத் துணியை வெட்டுவதற்கு முன் விரித்துப் பாருங்கள், முறுக்கு விழுந்திருந்தால் பிரித்துத் தைக்கலாம். பின்பக்கத்தைக் கையால் ஹெம்மிங் செய்வதையே நான் சொல்வேன். ஊசி முன்பக்கம் வராமல் பஞ்சுவரை மட்டும் போய் வரட்டும்.

முதல் துவையலில் சாயம் இறங்கினால்?

குளிர்ந்த தண்ணீர், சாயம் உறிஞ்சும் தாள், தனியாகத் துவைத்தல். அடர் சிவப்பும் நீலமும்தான் பெரும்பாலும் விடும். அப்படியும் இறங்கிவிட்டால் காயவிடாதீர்கள், ஈரத்தோடு இருக்கும்போதே நிறையத் தண்ணீரில், கொஞ்சம் சோப்போடு, துணி நன்றாக மிதக்கும்படி ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். டிரையரில் போட்டுவிட்டால் கறை நிலைத்துவிடும். பருத்திப் பஞ்சு 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அதனால் லேசான சுருக்கம் விழுவது இயல்பு.

முடித்ததை எப்படி எடுத்துவைப்பது?

கம்பளியைத் துவைத்து முழுக்கக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், வியர்வையும் அழுக்கும் இருந்தால் இன்னும் விரும்பி வரும். இறுக்கி மூடும் பையில், மடித்து. ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் நீண்டுவிடும். குவில்ட்டை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்பிலேயே நூல் இற்றுப்போகும், அவ்வப்போது வேறு இடத்தில் மடித்து வையுங்கள், வெயில் படாத இடத்தில். பரிசாகக் கொடுத்தால் எந்த நூல், எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு எழுதிக்கூடவே கொடுங்கள். குவில்ட்டின் பின்பக்க மூலையில் பெயரும் ஆண்டும் எழுதிய துணித்துண்டைப் பார்டர் தைப்பதற்கு முன்பே வைத்துத் தைத்துவிட்டால் அந்த வேலையும் தனியாக நிற்காது.